இரவல் துடிப்பு

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில், தோ பாயோவில் பன்னிரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா பேருந்து ஓட்டுநர். இரண்டு முறை அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததால், இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதிவுசெய்யும் சிறு கருவியை மருத்துவமனையில் மாட்டிவிட்டார்கள். மருத்துவ ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது என்பதால், மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். அந்தப் பதவியில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

இதயத்தின் மேலே, வலப்பக்கம் ஓரிடத்தில் மின்பொறி தானாகவே கிளம்புகிறதாம். மேலறைகள் ரத்தத்தைக் கீழே இறக்கும்வரை நடுவில் ஒரு கணம் நின்று, பிறகு இரண்டு கிளையாகப் பிரிந்து கீழே ஓடுகிறதாம். தாதி படம் போட்டுக் காட்டினார். அப்பாவின் பொறி நடுவிலேயே நின்றுவிடுகிறதா என்று பார்க்கத்தான் கருவி.

"இன்டர்சேஞ்சுல பஸ் டைமுக்குக் கிளம்புது, நடு சிக்னல்ல மாட்டிக்குது, அதானே? அப்ப சுவிட்ச் யாரு போடுறா? கேளு லா" என்றார் அப்பா.

யாருமில்லை என்று தாதி சிரித்தார். வீட்டுக்கு வந்தோம்.

அம்மா தேக்காவில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் கூடமெங்கும் கிடந்தது. "கொஞ்ச நேரம் இத நீ போட்டுக்கிறியாம்மா?" என்றார் அப்பா. கருவியின் ஒட்டுவில்லைகள் என் மார்பில் சில்லென்று பதிந்தன. தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். எனக்குள்ளே பொறி கிளம்பியது, நின்றது, ஓடியது. அதற்கேற்பத்தான் மின்விசிறி சுற்றுகிறது, மின்தூக்கி ஏறி இறங்குகிறது, தொலைவில் ரயில் போகிறது என்று தோன்றியது. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

துடிப்பு பிசகினால் பஸ் லைசென்ஸ் போய்விடும் என்று அப்பாவுக்குத் தெரியும். பிள்ளையின் துடிப்பு வேகமானது, மருத்துவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அம்மா வந்து பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நம்ம பிள்ளை துடிப்ப வச்சு எத்தன நாளைக்கு பஸ் ஓட்டுவீங்க?"

வில்லைகளை ஒவ்வொன்றாக என்மேலிருந்து உரித்தாள். தடுப்பூசிக்கு வந்த பிள்ளை மாதிரி அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

பிறகு, பொறியைத் தூண்டிவிடும் சின்னப் பெட்டி ஒன்றை அவர் தோளுக்குக் கீழே வைத்தார்கள். பஸ் போயிற்று, அப்பா இருக்கிறார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. அப்பாவுக்குக் கொடுக்கும் அளவுக்கு என் துடிப்பு நன்றாக இல்லை என்று அம்மா சொல்லிவிட்டதாகவே நினைத்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.