ரோவீனா டிக்ஸ் கொடுக்காத சம்மதம்

வாஷிங்டனில் வெளிநாட்டு விவகாரங்களைப் பார்க்கும் பெரிய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில், ஒரே நாற்காலியில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் ரோவீனா டிக்ஸ். அவள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு மலைநாடு. அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் முதல் மாதம் அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்பார்கள். இரண்டாம் மாதம் அதே நாட்டைப் பற்றி அவளுக்கே பாடம் எடுப்பார்கள். ரோவீனா முகம் சுளிக்க மாட்டாள். வாங்குகிற சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான் என்பாள்.

வல்லரசின் கொள்கை என்றால் நாலு பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வது என்று வெளியே நினைக்கிறார்கள். அது பாதிதான். மீதி, காகிதம் சுற்றி வருவது. ஒருவர் எழுதியது பன்னிரண்டு மேசைக்குப் போகும். எல்லா மேசையும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு மேசை முரண்டு பிடித்தாலும் காகிதம் அந்த மறுப்போடு அமைச்சரிடமே போய்விடும். அவர் தன் பெயரில் முடிவெடுத்தாக வேண்டும். அமைச்சர்களுக்கு அது வேப்பங்காய். ஆகவே ரோவீனா மாதிரி ஆட்களுக்கு இருந்த ஒரே பலம், மாட்டேன் என்று சொல்வது.

அந்தப் பலத்தை நம்பித்தான் தெல்வானுக்கு அவள் வாக்குக் கொடுத்தாள். தெல்வான் அந்த மலைநாட்டுக்காரன், அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்த்தவன், இப்போது வர்ஜீனியாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அவனுடைய ஆட்கள் ஒன்பது வருடம் அமெரிக்கர்களோடு சேர்ந்து சண்டை போட்டார்கள். நிலைமை கெட்டால் முந்நூற்று நாற்பது குடும்பங்களை விமானத்தில் கூட்டி வருவோம் என்று அரசு ஒரு பட்டியல் போட்டது. அதில் தெல்வானின் அக்கா பெர்ஷாவும் அவளுடைய மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

“பட்டியல் என் மேசையில இருக்கு, தெல்வான். நான் இருக்கிற வரைக்கும் அதை ஒருத்தனும் மூட முடியாது,” என்றாள் ரோவீனா.

பிறகு பக்கத்து நாட்டில் ஒரு விமானதளம் தேவைப்பட்டது. மலைக்காரர்களைக் கைகழுவினால் தளம் உங்களுக்கு என்றான் பக்கத்து நாட்டுக்காரன். அவ்வளவுதான். நேற்றுவரை அவர்களை கூடப்பிறக்காத சகோதரர்கள் என்று பேசிய வாய்கள், இன்று கொஞ்சம் தலைவலி கொடுக்கிற ஆட்கள் என்று பேசத் தொடங்கின. மலையில் எதுவும் மாறவில்லை. மாறியது இங்கே.

ரோவீனா அசரவில்லை. பட்டியலை மூடச் சொல்லும் காகிதம் வந்தால் மறுக்க வேண்டியது அவள். பக்கத்தில் காலின் ஆஷ்பி இருந்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் ஏணியில் ஏறிப் பிரிவின் துணைத்தலைவர் ஆகிவிட்டான். அவள் நாற்காலியிலேயே இருந்தாள். ஆனாலும் மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். அவள் அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் அவன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலின் அவள் மேசையோரம் வந்து நின்றான்.

“கீழ்த்தளத்து ரகசிய அறையில ஒரு கூட்டம். எனக்குப் பதிலா நீ போயிட்டு வரியா?”

“அங்க போனை வாங்கி வெச்சுக்குவாங்களே.”

“ரெண்டு மணி நேரம் போன் இல்லாட்டி செத்தா போயிடுவ?”

“நீதான் செத்துப்போவ. நான் நல்லாத்தான் இருப்பேன்,” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கூட்டம் மீன்பிடி எல்லையைப் பற்றியது. அவள் பார்க்கும் மலைநாட்டுக்குக் கடலே கிடையாது. அப்போதும் அவளுக்குப் பொறி தட்டவில்லை.

மூன்றரை மணிக்கு மாடிக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். ஒன்று பத்துக்குக் காகிதம் வந்திருந்தது: பட்டியல் மூடப்படுகிறது, மூன்று மணிக்குள் பதில். அந்தக் கட்டடத்தில், குறித்த நேரத்துக்குள் வாய் திறக்காத மேசையைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். எல்லோரும் அறிந்த வழக்கம். சொல்லப்போனால் அந்தப் பட்டியல் பிறந்ததே அப்படித்தான்: முட்டுக்கட்டை போடுகிற ஒருவர் விடுமுறையில் போன வெள்ளிக்கிழமை பார்த்து அவளும் காலினும் சேர்ந்து சுற்றுக்கு விட்டார்கள். அன்றைக்கு என்ன சிரிப்பு.

திரையில் ரோவீனா டிக்ஸ், சம்மதம் என்று இருந்தது.

காலினின் அறைக்குப் போனாள். அவன் எழுந்திருக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை.

“என்னை விட்டுட்டு அனுப்பியிருக்கலாமே காலின். என் பேரை எடுத்துட்டு.”

“எடுத்தா மேல கேட்பாங்க, ரோவீனா. அவ என்ன சொன்னான்னுதான் முதல்ல கேட்பாங்க. அவங்களுக்காக இந்தக் கட்டடத்துல பேசறது நீ ஒருத்திதான்னு எல்லாருக்கும் தெரியும். சுற்றுல உன் பேரும் இருந்ததால, தப்புன்னா நீ மறுப்பேன்னு மத்தவங்க படிக்கவே இல்ல. அரை மணியில எல்லாரும் சம்மதம் சொல்லிட்டாங்க.”

“மூணு மணிக்கு அப்புறமும் மறுக்கலாம்.”

“மூணு அஞ்சுக்கு அமைச்சர் அலுவலகத்துக்குப் போயாச்சு. விமானதளம் தர்றவங்களுக்கும் சொல்லியாச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நான் செய்யலைன்னா வேற எவனாவது செய்வான்.”

“வேற எவனாவது செஞ்சிருக்கட்டுமே. என்னை ஏண்டா கீழ அனுப்பின?”

அவன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். முதுகில் குத்தினான் என்பது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இருபத்தாறு வருடம் சேர்த்துவைத்த நேர்மையையே கத்தியாக்கி அந்தக் குடும்பங்கள்மேல் பாய்ச்சிவிட்டானே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

செய்தி அடுத்த வாரம்தான் வெளியே வரும். அதுவரை வெளியாள் யாரிடமும் மூச்சுவிட்டால் வேலை போகும், வழக்கும் வரும். ரோவீனா கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள். சாலையோரம் நின்று தெல்வானைக் கூப்பிட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தில் இருந்தான் அவன்.

“பட்டியலை மூடிட்டாங்க, தெல்வான். விமானம் வராது. சம்மதம்னு என் பேர் இருக்கு. நான் கொடுக்கல, ஆனா இருக்கு.”

போனில் பேருந்தின் இன்ஜின் அணைவது கேட்டது.

“அக்கா போன மாசமே மலையை விட்டு ஊருக்குள்ள இறங்கிட்டா, மேடம்,” என்றான். “விமானம் வந்தா பக்கத்துல இருக்கணும்னு. மத்தவங்களும் இறங்கிட்டாங்க. நீங்க சொன்னீங்கன்னு நான்தான் எல்லாரையும் இறங்கச் சொன்னேன்.”

“திரும்ப மலைக்கே ஏறச் சொல்லு, ஊர்ல இருந்தா எதிரிங்க பிடிச்சிடுவாங்க. இன்னிக்கே. நாளைக்குன்னு வேணாம்.”

“பாதை போன வாரமே பனியில மூடிடுச்சு, மேடம்.”