ஆக்கினசோ றாறுதையா

என் கணவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். ஊருக்கோ கல்வெட்டுப் பாடுகிறவர். ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டில் பாடவும் வந்தவர்கள் கையில் கொடுக்கவும் அச்சடிக்கும் சின்னப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். இறந்த திதிக்கு ஒரு வெண்பா, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல்.

பின்னேரங்களில் கதிரையின் கைப்பிடியில் விரலால் தட்டிச் சீர் பார்ப்பார். நான் குசினியில் மீன் வெட்டியபடி கேட்பேன். சும்மா கேட்கிற ஆள் நானில்லை. எதுகைக்கு மண் வந்தால் அடுத்த அடியில் விண் வரும், அதற்கடுத்துக் கண் வரும். யார் செத்தாலும் இந்த மூன்றும்தானா என்று கேட்பேன். அவர் கோபிக்கமாட்டார். அழுகிற சனத்துக்கு அடுத்த சொல் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் கூடப் பாடும் என்பார். திரும்பத் திரும்ப வருகிற வரியும் அதற்குத்தானாம். அது வரும்வரை அழுகையை அடக்கி வைத்திருப்பார்களாம்.

பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் ஒரு மீனவர் கடலோடு போனார். அவருடைய இளம் மனைவியின் புலம்பலில் அந்தத் திரும்பி வரும் வரி மட்டும் இவருக்கு அமையவேயில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். நான் பொறுமையிழந்து கூப்பிட்டேன்.

"இஞ்சருங்கோ, சோறு ஆறுது, வாங்கோ."

தட்டுகிற சத்தம் நின்றது.

வலைகாய்ந்து போச்சுதையா வாசலிலே நிற்கின்றேன்
அலையோய்ந்து போச்சுதையா ஆக்கினசோ றாறுதையா

வலைக்கு அலை எதுகை, அலைக்கு ஆக்கின மோனை, அடிக்கு நாலு சீர். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சல்லியில் பாடியபோது அந்தக் கடைசிச் சொற்கள் வரும்போதெல்லாம் வீடே கதறியது. அது நான் தினமும் கூப்பிடுகிற குரல். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்:

"இனி அப்பிடிச் சொல்லி உங்களைச் சாப்பிடக் கூப்பிட எனக்கு ஏலாது."

அவர் சிரித்தார். ஆனாலும் மூதூரிலிருந்து ஒரு குடும்பம் அதே வரி வேண்டுமென்று வந்து கேட்டபோது கொடுக்கவில்லை. நானும் அதற்குப் பிறகு சட்டி மூடியில் கரண்டியால் தட்டித்தான் கூப்பிட்டேன். அதிலும் சீர் பிழைக்கிறது என்று கேலி செய்துகொண்டே வருவார். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் முதலில் கேட்பது அந்தக் கரண்டிச் சத்தம்தான்.

அந்தச் சொற்களை எவ்வளவு கவனமாகத் தவிர்த்தும் அவரும் போனார். கல்வெட்டை அவருடைய நண்பர் எழுதினார். என் புலம்பலில் மண்ணும் விண்ணும் கண்ணும் வரிசையாக வந்தன. நல்ல பாட்டுத்தான். எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்லிக் கேலி செய்ய ஆளில்லையே என்றுதான் இருந்தது. பாடி முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் அவருடைய கதிரையருகே இருந்தேன். பலர் வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை.

சல்லிப் பெண்ணும் வந்திருந்தார். தன் புலம்பலின் அந்த வரி எந்தக் குசினியிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, நான் சொன்னதேயில்லை. பக்கத்தில் குந்தி என் கையைப் பிடித்தார்.

"அக்கா, சோறு ஆறுது, வாங்கோ."

அப்போதுதான் அழுதேன். அழுது முடித்து, அந்தப் பெண்ணோடு போய்ச் சாப்பிட்டேன்.