துணைவேந்தர் கொடுத்த வாய்தா

துணைவேந்தராகச் சேர்ந்த முதல் நாள் என்னால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. பதினெட்டு வருடம் புதுச்சேரி கோர்ட்டில் நின்றுகொண்டே பேசிய வக்கீல் நான். அதன்பின் ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாகத் தொகுதிக்குள் தெருத்தெருவாக நடந்தவள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும், எழுந்து அறைக்குள்ளேயே நடப்பேன்.

அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் பதிவாளர் முதல் கோப்பைக் கொண்டுவந்தார். செல்வி என்ற மாணவியின் மேசைக்கடியில், கடைசித் தேர்வன்று, காப்பியடிக்கும் பிட்டு கிடந்ததாகப் புகார். ரிசல்ட்டை நிறுத்திவைத்திருந்தார்கள். செல்வியும் வந்திருந்தாள்.

"அது என்னுது இல்ல மேடம். கையெழுத்தப் பாருங்க, தெரியும். திங்கக்கிழம சேதராப்பட்டு கம்பெனில சேரணும். மார்க் ஷீட் இல்லாம கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க."

பிட்டு, விடைத்தாள் இரண்டும் கோப்பிலேயே இருந்தன. நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாட்சி வந்து சொல்லாமல் ஆவணத்தைத் தொடக்கூடாது என்பது கோர்ட்டில் ஊறிப்போன பழக்கம். புகார் எழுதிய ஆசிரியரோ லீவில் இருந்தார்.

"அவர் வரட்டும். அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளி வைங்க" என்றேன். முதல் நாளே நியாயமாக நடந்துகொண்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. செல்வி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். எம்.எல்.ஏ. வாய் சும்மா இருக்குமா?

"பாத்துக்கலாம்மா, போய்ட்டு வா."

புதன்கிழமை ஆசிரியர் வந்தார். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது இந்தப் பொண்ணு எழுத்து இல்ல மேடம். காலைல எழுதுன பசங்க வுட்டுட்டுப் போனதா இருக்கும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உடனே கையெழுத்துப் போட்டு மார்க் ஷீட் தரச் சொன்னேன். அதை வாங்க வந்த செல்வியின் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"வேற ஆள எடுத்துட்டாங்க மேடம்."

"இரும்மா, நான் பேசிப் பாக்குறேன்" என்று போனை எடுத்தேன்.

"வேணாம் மேடம். தப்பு பண்ணேன்னு அன்னிக்கே நீங்க எழுதியிருந்தாக்கூட நான் வேற வழி தேடியிருப்பேன். நீங்க பாத்துக்கலாம்னு சொன்னீங்க. அத நம்பி வூட்ல சும்மா குந்திட்டு இருந்துட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. வக்கீலாக எத்தனையோ வாய்தா வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் யாருடைய நாட்களைத் தின்றது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று மாலைவரை நாற்காலியை விட்டு நான் எழவில்லை.

நிர்வாகத்துக்கு வரும் இளைய வக்கீல்களுக்கு ஒன்று சொல்வேன். விசாரணைக்கு வரும் பிள்ளையிடம் "என்ன செஞ்ச?" என்று கேட்கும் முன், "எந்தத் தேதிக்குள்ள வேணும்?" என்று கேளுங்கள். அந்தத் தேதியைக் கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

செல்வி தன் தேதியை முதல் நாளே, நான் கேட்காமலே சொன்னாள்.