வீட்டோரம் ஒரு லோரி மண்

காய்ந்துகொண்டிருக்கும் களிமண் கெண்டைக்கால் தோலை மெல்ல மெல்ல இறுக்கிப் பிடிக்கும் உணர்வுதான், குருபோங்கில் கழிந்த என் பிள்ளைப் பருவத்தை நினைத்தாலே முதலில் வருவது. ரப்பர் தோட்டத்தை விட்டு அந்தத் தாமான் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்த புதிதில், அடுத்த வரிசை வீடுகளுக்காக எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் நானும் தம்பி முகிலனும் அந்தச் செம்மண் சரிவில்தான் சறுக்கிக்கொண்டிருப்போம். ஆனால் அம்மாவை ஏற்றிவரும் தொழிற்சாலை பஸ்ஸின் சத்தத்துக்காக என் ஒரு காது எப்போதும் தவித்தபடியே இருக்கும்.

"கழுவாத காலு கதவத் தாண்டக்கூடாது" என்பது அம்மாவின் சட்டம். பின்வாசல் "லோங்காங்" என்ற சாக்கடை ஓரம் நின்று, அதில் மண் ஓடி முடியும்வரை விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, அவர் விரித்திருக்கும் கோணிப்பைகளின் மேலேயே நடந்து குளியலறைக்குப் போகவேண்டும். வேலை முடிந்து வந்தாலும் அம்மா உட்காரமாட்டார். எங்காவது மண் தடம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்.

ஒருநாள் மேட்டின் அடியில் தோண்டியிருந்த பள்ளத்தில் சறுக்கி விழுந்த முகிலன், தொடைவரை சேற்றில் புதைந்துபோனான். காலை உருவ உருவ இன்னும் கீழே போனான். கையைப் பிடித்து இழுத்தால் வலி தாங்காமல் அலறினான். மழைத் தண்ணீர் பள்ளத்துக்குள் ஓடிவந்து அவன் இடுப்பைத் தொட்டபோது நான் கத்திய கத்தலில், தெருமுனையில் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கிய அம்மா ஓடிவந்தார். அங்கே கிடந்த பலகையை இழுத்துப் போட்டு, தொழிற்சாலைச் சீருடையோடு அதன்மேல் மண்டியிட்டார்.

"ஒன்னும் ஆவாதுலா. அம்மா மூஞ்சியப் பாரு. கால மட்டும் ஆட்டாத."

சோற்று டப்பா மூடியால் அவன் காலைச் சுற்றியிருந்த சேற்றை அள்ளி அள்ளி வெளியே வீசினார். கடைசியில் கால் வெளியே வந்தது. செலிப்பர் உள்ளேயே தங்கிவிட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போன அம்மா, கூடத்தின் நடுவில் சேறு சொட்டச் சொட்ட உட்கார்ந்துவிட்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வா, புள்ள."

"கால் கழுவலம்மா."

"பரவால்ல. வா."

லோரி ஓட்டிவிட்டு வந்த அப்பா கூடத்தைப் பார்த்துத் திகைத்தார். "என்னா, வீட்டுக்குள்ள வெள்ளமா?"

"நாளைக்கு ஒரு லோரி மண்ணு கொண்டாந்து வீட்டோரமா கொட்டுங்க" என்றார் அம்மா. "போவாதன்னா இதுங்க கேக்கவா போவுது? என் கண்ணு முன்னாலயே ஆடட்டும்."

அப்பா கொட்டினார். நாங்கள் ஆடினோம். தாளிப்புக்கு நடுவிலும் அம்மா சன்னலுக்கு வந்து வந்து போனார்.

இன்று அந்த மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வீட்டோரத்து மண்ணையும் கார் நிறுத்துவதற்காகச் சிமெண்டு பூசி மூடியாயிற்று. ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. பிள்ளைகள் எங்கே என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன். சுத்தமான கால்களை மடக்கி, கைப்பேசியோடு சோபாவில்தான் இருக்கிறார்கள். திரும்பி வந்து உட்காருகிறேன். சற்று நேரத்தில் மறுபடியும் எழுந்து போகிறேன்.