வெள்ளைக் கையுறையும் இரண்டு தகடுகளும்

ஜப்பானின் ஒதாரு ஊரில் குராமோச்சி தெத்சுவோவுக்குப் பிடிக்காதவர்கள் பலர் உண்டு. அதில் முதல் ஆள், பஸ் டிப்போவில் காலை ஆஜர் எடுக்கும் அஷிஸாவா என்ற பெண்.

குராமோச்சி முப்பத்து நாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒருநாள் தாமதம் இல்லை, ஒருவரையும் இடித்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளைக் கையுறைகளைத் தானே துவைத்து, ஹீட்டர் பக்கத்தில் காயவைத்து, இஸ்திரி போட்டு வைப்பார். சிக்னல் வந்தால் விரலை நீட்டி, "பச்சை, சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். அந்த ஊரில் டிரைவர்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம் என்றாலும், இவர் சொன்னால் கடைசி சீட்டுக்கும் கேட்கும்.

வண்டி எடுக்குமுன் ஒவ்வொருவரும் அஷிஸாவா மேஜைமுன் நின்று, குடிக்கவில்லை என்று காட்டக் குழாயில் ஊதி, "உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டும். குராமோச்சியும் சொல்வார். ஆனால் போன இலையுதிர் காலத்திலிருந்து அது பொய். நரகச் சரிவு என்று பெயர் வாங்கிய ஏற்றத்தில் ஒருநாள் அவர் நெஞ்சு, தூண்டிலில் மாட்டிய மீன்போலத் துள்ளி, கொஞ்சம் சும்மா கிடந்து, மறுபடி துள்ளியது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது வந்தது. வெளியே சொன்னால் சீட்டைவிட்டு இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்ட ஒருத்தர் இப்போது பஸ் கழுவிக்கொண்டிருக்கிறார். குராமோச்சி வாயைத் திறக்கவில்லை.

குளிர் தொடங்கும்போது புது பஸ்கள் வந்தன. ஸ்டீயரிங்கில் உள்ளங்கை படும் இடத்தில் இரண்டு தகடுகள். டிரைவரின் இதயத் துடிப்பு அதன் வழியே அஷிஸாவாவின் திரையில் கோடாக ஓடும். துடிப்பு தடுமாறினால் மணி அடிக்கும். கையுறை போட்டால் ஒன்றும் ஓடாது. எல்லோரும் கழற்றினார்கள், ஒருவர் தவிர.

"கழட்டுங்க, குராமோச்சி ஐயா" என்றாள் அவள், எல்லார் முன்னாலும்.

"வெறுங்கையோட ஓட்டுறதுக்கு நான் என்ன மீன் வண்டியா ஓட்டுறேன்?"

"உங்க கோடு தினமும் படுத்தே கிடக்கு. செத்த ஆளு பஸ் ஓட்டுற மாதிரி இருக்கு."

"செத்தவன் நேரத்துக்கு வந்து சேர்றான்ல, டீச்சரம்மா? உசுரோட இருக்கிறவனுங்கதான் லேட்டு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாள். ஆள் பற்றாக்குறையில் தவித்த மேனேஜர் அதைக் கிடப்பில் போட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒரு ஜோடி கையுறையை மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையை வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாள். இனி சாக்குச் சொல்ல வழியில்லை என்றாள். குராமோச்சி அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். வாய் பொய் சொல்லலாம். நெஞ்சைப் படைத்தவன் வேறொருவன், அவனிடம் பொய் செல்லாது.

பிப்ரவரியில் பனி கொட்டிய ஒரு காலை. பஸ் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள். சரிவின் அடியில் இருக்கும் சிக்னலில் நெஞ்சுக்குள் மீன் துள்ளியது. கண் இருட்டியது. கை தன் பழக்கத்தில் உயர்ந்தது. விரல் சிவப்பு விளக்கைச் சுட்டிக்கொண்டிருக்க, வாய் "பச்சை, சரி" என்றது. கால் பிரேக்கை விட்டது.

பனி அள்ளும் பலகையோடு ஒரு அம்மாள் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகளில் யாரோ கத்தினார்கள். குராமோச்சி பிரேக்கை மிதிக்க, ஒரு முழ தூரத்தில் பஸ் நின்றது. அந்த அம்மாள் பலகையைத் தூக்கிக் காட்டித் திட்டிவிட்டுப் போனாள்.

முப்பத்து நாலு வருஷமாக நீட்டிய விரல். அதுவும் அவரை ஏமாற்றிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டார். கையுறைகளைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். வெறும் உள்ளங்கைகளை அந்தத் தகடுகள்மேல் வைத்தார். ஐஸ்போலச் சில்லென்றிருந்தது. உடனே டிப்போவில் அஷிஸாவாவின் மேஜையில் மணி அலறியது.

டிப்போ கிட்டத்தில்தான். ஆம்புலன்ஸும் அஷிஸாவாவின் காரும் ஒன்றாக வந்தன. பெரிய வண்டி லைசென்ஸ் அவளுக்கும் உண்டு. ஸ்ட்ரெச்சரில் கிடத்தப்பட்டவர் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இப்ப திருப்திதானே?"

"இல்ல. எத்தனை மாசமா இது?"

அவள் பஸ்ஸில் ஏறி அவருடைய சீட்டில் உட்கார்ந்தாள்.

"கையுறை இல்லாம என் சீட்டுல உக்காராத" என்றார், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து.

அவள் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். உள்ளங்கை வெட்டிய அதே ஜோடி. அவர் அளவுக்குத் தைத்தது, அவள் விரல்களில் தொளதொளவென்று நின்றது.

ஆம்புலன்ஸ் கதவு மூடுமுன் சிக்னல் மாறியது. அவள் விரலை நீட்டிச் சொன்னது குராமோச்சிக்குக் கேட்டது.

"சத்தம் பத்தல" என்றார் பக்கத்தில் இருந்த ஆம்புலன்ஸ் ஆளிடம். "கடைசி சீட்டுக்குக் கேக்காது."