எலியானின் மூக்கு

எலியான் துபெர்னே பதினான்கு வயதில் லக்கோம்ப்ரியேர் தோட்டத்துக்கு வந்து, திராட்சைக் கொடிகளைக் கம்பியில் கட்டினாள். ஜிரோந்து ஆற்றிலிருந்து வீசும் குளிர்காற்றில் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். இருபத்தாறாவது வயதில் ஒயின் கிடங்குக்குள் வேலை கிடைத்தது. அந்தக் காற்றிலிருந்து தப்பினாள்.

கிடங்கில் அவளுக்கு முக்கியமான வேலை முட்டை உடைப்பது. வசந்தத்தின் தொடக்கத்தில், பீப்பாய்க்கு ஆறு வெள்ளைக்கரு வீதம் அடித்துச் சிவப்பு ஒயினில் ஊற்றுவார்கள். அது கசடை இழுத்துக்கொண்டு அடியில் படியும், ஒயின் தெளிந்துவிடும். ஒரு கெட்ட முட்டை விழுந்தால் முந்நூறு புட்டி பாழ். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பத்தொன்பது வருடம் அவள் மூக்கு தவறியதே இல்லை.

இந்த ஜனவரியில் வந்த காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காபி வெறும் வெந்நீராக இருந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் கம்பிக்கும் காற்றுக்கும்தான் போக வேண்டும்.

முட்டை நாள் வந்தது. ஒவ்வொரு கிண்ணத்தையும் மெழுகுவர்த்தி அருகே பிடித்துக் கண்ணால் சோதித்தாள். பக்கத்தில் வெள்ளைக்கரு அடித்துக்கொண்டிருந்த ஜினெத் சிரித்தாள்.

"ஏன்டி, அது முட்டையா மாப்பிள்ளையா? இந்தப் பார்வை பாக்குற."

முதல் பீப்பாய்க்கான வெள்ளைக்கரு சட்டியில் தயாராயிற்று. கிடங்குத் தலைவர் ரேமோன் அதை ஊற்றப் போனபோது எலியானால் தாங்க முடியவில்லை.

"ஊத்தாதீங்க ஐயா. ஜனவரியிலேருந்து எனக்கு வாசனையே தெரியல."

ரேமோன் திட்டவில்லை. சட்டியைத் தானே மோந்து பார்த்துவிட்டு ஊற்றினார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"நீ உடை, நான் மோந்து பாக்குறேன். இன்னிக்கு மட்டும்."

அந்த 'மட்டும்' காதிலேயே நிற்க, அவள் அடுத்த முட்டையை எடுத்தாள்.

நூறு முட்டை தாண்டியிருக்கும். ஒன்றை உடைத்தவள், ரேமோன் குனிவதற்குள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. கிண்ணத்தை அவரிடம் நீட்டாமல் திரும்பவும் மூக்கருகே கொண்டுபோனாள்.

"தூக்கிப் போடு எலியான், நாறுது," என்றார் ரேமோன்.

"ஆமாங்கய்யா, நாறுது," என்றவள் இன்னொரு முறையும் மோந்தாள்.

ரேமோன் எழுந்து, முக்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பீப்பாய்களின் பக்கம் போனார்.

எலியான் கிண்ணத்தைக் கழுவி, அடுத்த முட்டையை உடைத்தாள். அதில் ஒரு வாடையும் இல்லை. பக்கத்துப் பீப்பாயின் ஓக் மர வாசனை மட்டும் மெல்ல வந்தது.