ஒன்பதாம் பக்கத்து அட்டவணை

பி.ஏ. வகுப்பில் பொருளாதாரம் எடுப்பவர்கள் என்னென்ன படிக்க வேண்டும் என்று கல்லூரியில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். பொதுக் கொள்கைகள், இந்தியப் பொருளாதாரம், நாணயமும் வங்கியும், அரசாங்கத்தின் வரவு செலவு. இவை நான்கும் எல்லோருக்கும் பொது. ஐந்தாவது, இரண்டாம் வருஷத்தில் வரும் சிறப்புப் பாடம். அதில் இரண்டு உண்டு: ஒன்று தொழிலாளர் பிரச்சினைகள், மற்றது இங்கிலாந்தின் பொருளாதார வரலாறு. முதலாவதைப் பேராசிரியரே நடத்துவார். ஆலைகளுக்கும் அச்சுக்கூடங்களுக்கும் மாணவர்களை நேரில் அழைத்துப் போவார். ஆகவே அதில் எட்டுப் பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் இங்கிலாந்துக்குப் போகவேண்டியதுதான்.

நான் அந்த எட்டில் ஒருத்தியாக வேண்டும் என்று தாளைப் பார்த்த நாளே தீர்மானித்தேன். பொருளாதாரம் எடுத்ததே அதற்காகத்தான். ஆம்பூரில் எங்கள் தெருவில் தோல் வேலை செய்யாத வீடு கிடையாது. என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் சர்க்கார் பரீட்சை தேறி, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி ஆபீசில் இரண்டு வருஷம் தட்டச்சு செய்தேன். வருகிற நோயாளிகளின் பெயர், வயது, ஊர், தொழில், வியாதி. இந்த ஐந்து கட்டங்களை ஆயிரம் முறை நிரப்பியிருப்பேன். தோல் வேலை என்று எழுதிய வரிகளில் கையும் காலும் வெந்து வந்தவர்கள் அதிகம் என்பதை அங்கேதான் கவனித்தேன். ஏன் என்று கேட்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சென்னைக்கு வந்தேன்.

எட்டுப் பேரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? முதல் வருஷக் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊரில் இருபத்தைந்து வீடுகளுக்குப் போய் விசாரித்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்கென்று அச்சடித்த படிவம் உண்டு. நல்ல அறிக்கைகள் எட்டுக்குத் தொழிலாளர் பிரச்சினை. வகுப்பில் பெண்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் தங்கள் ஊரில் வீடு வீடாகப் போவது முடியாத காரியம் என்று சொல்லி முன்னாலேயே விலகிக்கொண்டார்கள்.

படிவத்தில் குடும்பத்தலைவர் பெயர், அவர் தொழில், கூலி, வீட்டின் கூரை, கிணறு, வீட்டிலுள்ள மற்றவர்கள் என்று கட்டங்கள் இருந்தன. மற்றவர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: சம்பாதிப்பவர், சார்ந்திருப்பவர். அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. தன் பெயரில் தன் கையால் கூலி வாங்காத பெண்களைச் சார்ந்திருப்பவர்களாகக் கொள்க.

முதல் வீடாக எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டேன். அம்மா இறந்து பல வருஷமாகிறது. அப்பா, நான், அப்பாவின் தங்கை. என் அத்தை விதவை. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் பெயருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் எங்கள் பக்கத்துத் தோல் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்புத் தொட்டிக்கு ஆள் எடுக்கும்போது மேஸ்திரி முதலில் கேட்பது, "கூட யார் வருவாங்க?" என்பதுதான். ஆண் தோலை மரக்கட்டையின் மேல் போட்டு மழுங்கல் கத்தியால் முடியை வழிப்பான். ஈரத்தோலைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கொடுக்க, வழித்த முடியை அள்ளி அலசிக் காயப்போட, தண்ணீர் இறைத்து ஊற்ற ஒரு பெண் கூட வர வேண்டும். பெண்டாட்டி, அக்கா, தாய், யாராவது. பெண் இல்லாதவனுக்கு வேலை இல்லை. ஆனால் கம்பெனியின் ஆள்பதிவுப் புத்தகத்தில் எழுதுவது அவன் பெயர் ஒன்றைத்தான். கூலியும் அவன் கையில்தான். அம்மா இருந்தவரை அப்பாவோடு அம்மா போனாள். அம்மா இறந்த மறுவாரமே அத்தையை அவள் மாமியார் வீட்டிலிருந்து அழைத்து வந்ததன் காரணம், என்னை வளர்க்க என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன்.

தெருவில் இன்னொரு வீட்டில் ஓர் இளைஞன் முந்தின மாதம்தான் கலியாணம் செய்திருந்தான். அவன் தாய் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். படிவத்தை விரித்து, "பையனுக்கு வேலை எப்போ கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"கலியாணம் ஆன மறுநாள்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் கூடப் போயிட்டிருந்தேன். இடுப்பு புடிச்சிக்கிச்சு. மேஸ்திரி, கெழவி வேணாம்னு சொல்லிட்டான். நாலு மாசம் பேஜாராப் போச்சு. அதான் அவசர அவசரமா பொண்ணு பாத்தோம்." பிறகு உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு பாக்க சுமாருதான். ஆனா கைக்கு நல்ல பலம்."

உள்ளேயிருந்து புது மருமகள், "கேக்குது, கேக்குது" என்றாள்.

இருபத்தைந்து வீடுகளிலும் இப்படித்தான். ஆகவே படிவத்தில் கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன்: கூடப் போகும் பெண்ணின் பெயர், அவள் செய்யும் வேலை, அவள் நிற்கும் நேரம். சில வீடுகளில் பெயரைச் சொல்லப் பயந்தார்கள். மேஸ்திரி காதுக்குப் போனால் நாளை கதவுக்கு வெளியே நிற்க வேண்டுமே என்றார்கள். சென்னையில் ஒரு காலேஜில் மட்டும் இருக்கும், இங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்று உறுதி சொன்ன பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியாக அத்தையிடம் வந்தேன். அவள் சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எம் பேர முழுசா எழுதுடி. எங்கப்பா பேரையும் சேத்து எழுது."

"எதுக்கு அத்தே?"

"எங்கயும் எழுதினதே இல்லையே. ஞானஸ்நானம் குடுத்தப்ப பாதிரியார் எழுதினாரு, கலியாணத்துக்கு எழுதினாரு. அதோட சரி. வேலைன்னு போட்டு யாரு எழுதினாங்க?"

முழுசாக எழுதினேன்.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியின் பழைய இயந்திரத்திலேயே தட்டச்சு செய்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அட்டவணை. அதன் கீழே நான் எழுதிய முடிவு இதுதான்: இந்தத் தொழிலில் ஓர் ஆணின் உழைப்பை வாங்குகிறவர் ஒரு பெண்ணின் உழைப்பையும் சேர்த்தே வாங்குகிறார், ஆகையால் இங்கே வேலை கிடைப்பதற்குக் கலியாணம் ஒரு நிபந்தனை.

கல்லூரி திறந்ததும் பேராசிரியர் அறிக்கைகளை வகுப்பில் வைத்து விமரிசித்தார். என்னுடையது வந்தபோது அந்த வாக்கியத்தை இரண்டு தரம் உரக்க வாசித்தார். பிறகு தமக்கே உரிய நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்:

"மிஸ், நிலம், உழைப்பு, மூலதனம் என்று மூன்று உற்பத்திக் காரணிகள் படித்தோம். நான்காவது கலியாணமா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. பின் பெஞ்சில் ஒருவர், "அப்படியானால் கலியாணத் தரகருக்கும் ஒரு பங்கு உண்டு சார்" என்றார். பேராசிரியரும் சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். "சார், பெண் கூட வராவிட்டால் மேஸ்திரி ஆணை எடுப்பதில்லை. பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்."

"ஆள்பதிவில் எத்தனை பெயர்?"

"ஆண்கள் பெயர் மட்டும்தான் சார்."

"ஆள்பதிவு ஓர் ஆவணம். தெருப்பேச்சு ஆவணமாகாது. படிவத்தை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. அட்டவணையைக் குறிப்பில் சொன்னபடி திருத்திக் கொண்டுவாருங்கள்."

விடுதி அறைக்கு வந்ததும், அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதினேன். தெருப்பேச்சு என்று அவர் சொன்னது இருபத்தைந்து வீடுகளில் கேட்டு எழுதியது. ஆள்பதிவு எழுதும் மேஸ்திரிக்கு ஒரு பெயரை விட்டுவிடுவதில் லாபம் உண்டு. எனக்குச் சேர்ப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. ஆவணம் என்பதை யார் எழுதுகிறார் என்று கேட்கக் கற்றுக்கொடுக்காத படிப்பு என்ன படிப்பு? இப்படி ஒன்பது வரை போயிற்று. மறுநாள் அவரிடம் இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டு அட்டவணைகளையும் தருகிறேன், படிவம் கேட்பது ஒன்று, நான் பார்த்தது ஒன்று என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். அது வேண்டாமென்று அர்த்தமா, சரியென்று அர்த்தமா என்று தெரியவில்லை. நான் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. இடம் போனது என்றே நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் எட்டுப் பெயர்கள். ஆறாவது என்னுடையது.

அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலகையில் என் பெயரைப் படித்ததில் ஒரு திருப்தியும் இருந்தது. பேராசிரியர் யோசித்துப் பார்த்து மனம் மாறியிருக்கிறார், படித்தவர் அல்லவா என்று எண்ணினேன். அத்தைக்கு ஒரு கார்டு எழுதினேன். உன் பெயர் காலேஜில் ஏறிவிட்டது, வேலை என்று போட்டே ஏறியிருக்கிறது என்று.

தேர்ந்த எட்டு அறிக்கைகளையும் ஒன்றாகத் தைத்து நூலகத்தில் வைப்பது வழக்கம். அந்த வாரக் கடைசியில் அதைப் பார்க்கப் போனேன். என் அறிக்கை மூன்றாவதாக இருந்தது. ஒன்பதாம் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே அது என் பக்கம் அல்ல என்று தெரிந்துவிட்டது. வேலூர் இயந்திரத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தின் வயிறு மை அடைத்துக் கறுப்பாக விழும். இரண்டு வருஷம் குண்டூசியால் அதைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்தவள் நான். இந்தப் பக்கத்தில் எல்லா 'ஈ'யும் பளிச்சென்று திறந்திருந்தது. ஓரத்து இடைவெளியும் வேறு.

அட்டவணையில் இருபத்தைந்து ஆண்களின் பெயர்கள் இருந்தன. பெண்களின் பெயர்க் கட்டம் இல்லை. எல்லோரும் சார்ந்திருப்பவர்கள். கீழே என் முடிவு இருந்த இடத்தில், இந்தக் குடும்பங்களில் பெண்கள் உழைப்பில் ஈடுபடாததே வறுமைக்கு முக்கியக் காரணம் என்று ஒரு வாக்கியம். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. அது மட்டும் நான் போட்டதேதான்.

அப்படியே பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நாற்காலி காட்டினார். எப்போதும் மரியாதையானவர்.

"குமாஸ்தாவை விட்டு ஒரு பக்கத்தைச் சரி செய்யச் சொன்னேன். மற்றபடி உங்கள் அறிக்கை அருமை. நடைக்காகவே இடம் கொடுத்திருக்கலாம்."

"அந்த வாக்கியம் நான் எழுதியதல்ல சார்."

"முடிவு என்று ஒன்று வேண்டுமல்லவா? நீங்கள் எழுதியதை வெளியில் யாராவது படித்தால் கல்லூரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்களுக்கு ஓர் உதவி செய்திருக்கிறேன், மிஸ்."

"எங்கள் தெருவுக்கு நீங்கள் வந்து பார்க்கலாம் சார். நாங்கள் எட்டுப் பேரும் எப்படியும் ஆலை பார்க்கப் போகிறோம்."

"தோல் பதனிடும் இடத்துக்கா?" மூக்கைத் தொட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கை பாதி தூரம் வந்து நின்றது. "அது நம் திட்டத்தில் இல்லை."

"என் பக்கத்தைத் திரும்ப வையுங்கள். இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்."

"பெயரை எடுத்தால் இடமும் போகும்."

"தெரியும் சார்."

நான் விளையாடுகிறேனோ என்று அவர் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிறகு மணியடித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். மறுநாள் பலகையில் ஆறாவது பெயர் கோடடிக்கப்பட்டு, மேலே இன்னொரு பெயர் சிவப்பு மையில் இருந்தது. தைத்த தொகுதியிலிருந்து என் அறிக்கை முழுவதையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். நான் இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்று வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே நாலாவது வாரத்தில், அந்நாட்டு நூற்பாலைகளில் பெண்கள் எத்தனை மணி நேரம் நின்றார்கள், யார் யாரிடம் சாட்சியம் வாங்கினார்கள் என்றெல்லாம் பாடம் வந்தது. அவர்கள் சொன்னது வார்த்தை வார்த்தையாகப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அதைத் தெருப்பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. பரீட்சைக்கு முக்கியமான கேள்வி என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைப் பாராட்டுவாள் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"பேரு போச்சா?"

"போச்சு அத்தே. பொய்யா இருக்கறதுக்கு இல்லாமலே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சீட்டும் போச்சா?"

"அதுவும்தான்."

"இன்னா காரியம் பண்ணிட்டு வந்திருக்கே நீ? நாங்க கேட்டோமா? அவன் பொய் எழுதினா எழுதிட்டுப் போறான். நீ உள்ள உக்காந்திருந்தா நாளைக்கு மறுபடியும் எழுதலாம். வெளிய வந்துட்டு இன்னாத்த எழுதுவே?"

"எங்கையெழுத்து இருந்துது அத்தே. நான் எழுதின மாதிரி ஆயிடும்."

"ஆவட்டுமே. ஒன் கையெழுத்து ஒனக்குப் பெருசு." ஊதுகுழலால் தரையைத் தட்டினாள். "நீ எழுந்துட்ட எடத்துல யாரு உக்காந்திருக்கான்? அதச் சொல்லு."

குடியாத்தத்துப் பையன் ஒருவர். நெசவுக் குடும்பம். தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவர் அம்மாவும் அக்காமார் இரண்டு பேரும் என்று ஒருநாள் ரயிலில் அவரே சொல்லியிருக்கிறார். நூலகத்தில் என் அறிக்கை இருந்த இடத்தில் இப்போது அவருடையது இருக்கிறது. அதையும் படித்துப் பார்த்தேன். படிவத்தின் குறிப்பில் சொன்னபடியே மூன்று பேரையும் சார்ந்திருப்பவர்கள் என்று எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பதாம் பக்கத்தை யாரும் மாற்றித் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை.